தத்துவ போதக சுவாமிகளும் மனச் சுதந்தரமும்

காற்றில் வரும் விதை நிலத்தைக் கேட்டு விழுவதில்லை. எண்ணங்களும் அவ்வாறே நம்மைக் கேளாமல் நம் செவி வழியே புகுந்து உள்ளத்தில் முளைக்கின்றன. நம் கருத்துக்களுள் நாமே ஆக்கியவை மிகச் சில. அங்ஙனமாயின், நம்முடையதென்று சொல்லத்தக்க சுதந்தரம் யாது? இவ்வினாவிற்கு விடை தேடுங்கால், நமது சேலம் நாட்டில் ஒருகால் நடந்துசென்ற பெரியார் ஒருவரின் வாழ்க்கை நம் நினைவிற்கு வருகின்றது.

தத்துவ போதகர் எனப் பெயர் பூண்ட இராபர்ட் தெ நொபிலி 1577-இல் இத்தாலி தேசத்தில் உயர்குடியிற் பிறந்தார். சுற்றத்தார் விரும்பாதிருந்தும் இயேசு சபையிற் சேர்ந்து துறவியானார். 1605-இல் கோவாவையும், 1606-இல் மதுரையையும் அடைந்தார். தமிழையும் வடமொழியையும் கற்றுக் காவியுடுத்து, மரக்கறியுணவே கொண்டு வாழ்ந்தார். அவருக்கு வடமொழி பயிற்றிய சிவதருமர், பின்னர் அவரிடமே உபதேசம் பெற்றார். ஆசிரியர் மாணவராயினார், எண்ணம் இருவழியும் பாய்ந்தது.

சுவாமிகளின் ஒழுக்கமுறையைத் தம் சபையாரே சிலர் கண்டித்தனர். நெடுங்கால வழக்கிற்குப் பின், 1623-இல் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரியார் அதற்கு இசைவளித்தார். அவ்வாண்டிலேயே சுவாமிகள் வடக்கு நோக்கிப் புறப்பட்டுத் திருச்சிராப்பள்ளி வழியாகக் கொல்லிமலைச் சாரலிலுள்ள சேந்தமங்கலத்தை அடைந்தார். அங்கே இராமச்சந்திர நாயக்கர் அவரை வரவேற்றார். பின்னர்ச் சேலம் சென்றார். அந்நாளில் அங்கு ஆண்டவர் செல்லப்பட்டி நாயக்கர். ஆட்சியிழந்திருந்த அவருடைய தமையனார் திருமங்கல நாயக்கர் சுவாமிகளின் போதனையைக் கேட்டு, 1625-இல் ஞானஸ்நானம் பெற்றார். தம்பியோ தம் சமயத்திலேயே நின்றார்.

அரசிழந்த துயரமே தமையனாரை அவ்வழியிற் செலுத்தியதென்று சிலர் கூறக்கூடும். துயரம் செவியைத் திறந்திருக்கலாம். அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் துயருற்றோர் அனைவரும் ஒரே முடிவிற்கு வருவதில்லை. கேட்டதை நிறுத்துப் பார்த்துக் கொள்ளுவதும் தள்ளுவதும் கேட்டவர் செயலேயாம்.

சுவாமிகள் மறுபிறவிக் கொள்கையை மறுத்துப் புனர்ஜென்ம ஆக்ஷேபம் என்னும் நூல் இயற்றினார். அவர் வாதத்தை ஏற்பாரும் உளர், ஏலாதாரும் உளர். நாம் ஈண்டுக் கருதுவது பிறிதொன்று. கல்லோடு யாரும் வாதஞ்செய்வதில்லை. காரணங்காட்டி வாதிப்பவன், கேட்பவன் ஆராய்ந்து தேரும் உரிமையுடையவன் என்பதை முன்னரே ஒப்புக்கொண்டவனாகிறான். விதியே அனைத்தையும் நடத்துகின்றதென்று வாதிப்பவனும் அவ்வுரிமையையே நாடி வருகின்றான்.

ஆனால் சுவாமிகளும் காலத்தின் காற்றிற்கு முற்றும் தப்பினாரல்லர். இந்நாட்டுச் சாதி வேற்றுமையை அவர் தம் நடையிற் கைக்கொண்டார். அதனால் எழுந்த பழி இன்றும் தீர்ந்திலது. பிறர் மனத்தை எழுப்பியவரும் தம்மைச் சூழ்ந்த எண்ணத்திற்கு இடங்கொடுத்தார். ஆதலின் சுதந்தரமென்பது ஒருகாற் பெற்று என்றும் வைத்திருக்கும் பொருளன்று; நாள்தோறும் ஆராய்ந்து காக்கவேண்டுவது.

முதுமையிற் கண்ணொளி குன்றிய சுவாமிகள், 1656-இல் மயிலாப்பூரில் உயிர்நீத்தார். மாணவ நண்பர்களே! விதை எங்கிருந்தும் வரலாம். எதனை வளர்ப்பது, எதனைக் களைவது என்பதை நாம் மறவாதிருப்போமாக.