யெல்லப்பிரகத சுப்பாராவ் (1895 – 1948)

மாணவர்களே, ஒரு பரீட்சையில் தவறினால் எல்லாம் முடிந்துவிட்டது என எண்ணுகின்றீர்களா? மெட்ரிகுலேசன் பரீட்சையில் இருமுறை தவறி, மூன்றாம் முறை சித்தியடைந்த ஒருவரே போலிக் அமிலம் என்னும் விற்றமினை ஆய்வுகூடத்தில் தயாரித்த குழுவின் தலைவர் என்பதை அறிந்துகொள்ளுங்கள்.

சுப்பாராவ் 1895 ஜனவரி 12 இல், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கற்கும்போது காந்தியடிகளைப் பின்பற்றிக் கதராடை அணிந்தார். இதனால் ஆங்கிலேயப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக எல்.எம்.எஸ். சான்றிதழையே பெற்றார். ஸ்புறூ என்னும் நோய் இவரது சகோதரர் இருவரைச் சில நாள் இடைவெளியில் பலிகொண்டது. இந்நோயில் குடல் உணவின் போசணைகளைச் சரிவர உறிஞ்சாது.

பின்னர் அமெரிக்கா சென்று ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தார். 1925 இல் பிஸ்க் என்பவருடன் சேர்ந்து, குருதியிலுள்ள பொசுபரசை அளக்கும் முறையை வெளியிட்டார். விற்றமின் டி குறைபாட்டால் ஏற்படும் றிக்கற்ஸ் நோயிலும் குருதிப் பொசுபரசு குறைவதுண்டு என்பதைக் கவனியுங்கள்.

1931 இல் லூசி வில்ஸ் என்னும் மருத்துவர், பம்பாயின் ஏழைக் கர்ப்பிணிகளின் குருதிச்சோகை ஈஸ்ற் சாரத்தால் குணமாவதைக் காட்டினார். அதிலிருந்த பொருள் போலிக் அமிலமே. 1940 இல் லெடர்லி நிறுவனத்தில் இணைந்த சுப்பாராவின் குழு, 1945 இல் அதைச் செயற்கையாகத் தயாரித்தது. சகோதரர்களைக் கொன்ற ஸ்புறூ நோய்க்கும் அது மருந்தாயிற்று. இன்று நானுஓயாத் தோட்டத்துத் தாய்மாருக்குக் கிளினிக்கில் வழங்கப்படும் போலிக் அமிலக் குளிசையின் வரலாறு இதுவே.

யானைக்கால் நோய்க்கான டை எதைல் கார்பமசின் மருந்தும் 1947 இல் இவரது குழுவிலிருந்தே வெளிவந்தது. அம்மருந்தைப் பயன்படுத்திய இலங்கை, 2016 இல் அந்நோயை ஒழித்த நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் ஏற்கப்பட்டது. நோபல் பரிசு பெறாமலே சுப்பாராவ் 1948 ஆகஸ்டில் காலமானார்.

நினைவிற் கொள்க: போலிக் அமிலம்

• இயல்பு: பி தொகுதி விற்றமின். அதிகம் வேகவைத்தால் அழியும்.
• மூலங்கள்: வல்லாரை, பசளி முதலிய இலைக்கறிகள், பருப்பு, கௌபி, ஈரல்.
• பயன்: செங்குருதிக் கலங்கள் உருவாதல், கருவிலுள்ள சிசுவின் மூளை, முண்ணாண் சரிவர வளர்தல்.
• குறைபாடு: குருதிச்சோகை.