படிச்சது இன்ஜினீயரிங், கிடைச்சது கரி அள்ளும் வேலை: யார் இந்த எலைஜா மெக்காய்?

பைக்கை சர்வீஸுக்கு விட்டால், ஆயில் மாத்தி எவ்வளவு நாளாச்சுன்னு மெக்கானிக் கேட்பார், இல்லையா? வழவழன்னு தெரியும் உலோகத்திலும் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் உண்டு. உரசும் இரண்டு பாகங்களுக்கு நடுவில் எண்ணெய்ப் படலம் இருந்தால் அவை நேரடியாகத் தொடாது. படலம் அறுந்தால் சூடு, தேய்மானம், கடைசியில் இன்ஜின் சீஸ்.

19-ம் நூற்றாண்டு ரயில்களுக்கும் இதே தலைவலிதான். அதற்கு ஒரு தீர்வு தந்தவர் எலைஜா மெக்காய்.

யார் இவர்?

அமெரிக்காவின் கென்டக்கியில் அடிமைகளாக இருந்து கனடாவுக்குத் தப்பிய கறுப்பினத் தம்பதியின் மகன். 1840-களில் ஒன்டாரியோவில் பிறந்தார். 15 வயதில் ஸ்காட்லாந்து போய் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் பயிற்சி பெற்றார். திரும்பி வந்து மிச்சிகனில் வேலை தேடினால், கறுப்பினத்தவருக்கு இன்ஜினீயர் வேலை இல்லை. மிச்சிகன் சென்ட்ரல் ரயில்வேயில் கிடைத்தது, நீராவி இன்ஜினுக்குக் கரி அள்ளிப் போட்டு எண்ணெய் விடும் வேலை.

என்ன செய்தார்?

எண்ணெய் விடுவதற்காகவே ரயிலை அடிக்கடி நிறுத்த வேண்டியிருந்தது. வண்டி நின்றால் நேரம் போச்சு, எண்ணெய் தீர்ந்தால் பாகம் போச்சு. அந்த வேலையைத் தினமும் செய்தவருக்கு இன்ஜினீயரிங்கும் தெரியும். இன்ஜினின் நீராவி அழுத்தத்தையே பயன்படுத்தி வால்வைத் திறந்து, ஓடும்போதே சிலிண்டருக்குள் எண்ணெய் விடும் லூப்ரிகேட்டரை உருவாக்கி, 1872-ல் காப்புரிமை பெற்றார்.

பின்னாளில் வந்த இன்ஜின்களில் நீராவியின் சூடு இன்னும் அதிகம். வெறும் எண்ணெய் தாக்குப்பிடிக்கவில்லை. அதனால் எண்ணெயோடு கிராஃபைட் தூளையும் சேர்த்துச் செலுத்தும் லூப்ரிகேட்டருக்கு 1915-ல் காப்புரிமை வாங்கினார். மொத்தம் 50-க்கும் மேற்பட்ட காப்புரிமைகள்.

பெயர் ஏன் பெரிதாகத் தெரியவில்லை?

சொந்தமாகத் தயாரிக்க முதலீடு இல்லாததால் பல காப்புரிமைகளில் பங்கை மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டி வந்தது. தன் பெயரில் கம்பெனி தொடங்கியது 1920-ல்தான், எழுபதைத் தாண்டிய வயதில். 1929-ல் காலமானார். அசல் சரக்கை 'ரியல் மெக்காய்' என்பார்களே, அது இவரால் வந்ததாகச் சொல்வதுண்டு. உறுதியான ஆதாரம் இல்லை.

தகுதிக்குக் கீழான வேலை தந்தது அநியாயம்தான். ஆனா அந்த வேலையில் அவர் கண்ணை மூடிட்டு இருக்கலை. டெட்ராய்ட்டில் உள்ள அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அடுத்த முறை ஆயில் மாத்தும்போது அவரை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க.