நாளைய ஊருக்கும் சேர்த்துக் கட்டியவர்

ஹாஸ்டல்ல டிரெயினேஜ் அடைச்சா ஒரு நாள் தாங்குவீங்களா? 1858 கோடையில் லண்டனே அப்படித்தான் நாறியது. ஊர்க் கழிவு மொத்தமும் தேம்ஸ் நதியில். நாற்றம் நாடாளுமன்றத்துக்குள் போனதும் பணம் ஒதுக்கினாங்க.

வேலையை ஏற்றவர் 1819-ல் பிறந்த சிவில் இன்ஜினியர் ஜோசப் பாசல்ஜெட். ஊர் வளரும்னு கணக்குப் போட்டு, அன்றைய மக்கள்தொகையைவிட அதிகமானோருக்குத் தாங்கும்படி 132 கிலோமீட்டர் பிரதான பாதாளச் சாக்கடை கட்டினார். நதிக்கரையில் புதிதாக நிலம் எடுத்து, மேலே சாலை, கீழே சாக்கடையும் ரயிலும் அமைத்தார்.

1866-ல் காலரா திரும்ப வந்தது. அதிகம் பேர் இறந்தது, இணைப்பு முடியாத கிழக்கு லண்டனில்தான்.

1891-ல் அவர் மறைந்தார். அந்தச் சாக்கடைகள் இன்னும் வேலை செய்யுது. நாளைக்கு ஒரு புறநகருக்கு நீங்க பைப் சைஸ் போடும்போது, இன்னைக்கு இருக்கிற வீடுகளை மட்டும் எண்ணாதீங்க.