கோழிக் கட்டியும் பெய்ட்டன் ரவுஸும்

ரத்த தானம் செய்திருக்கிறீர்களா? அந்தப் பையில் முன்கூட்டியே கொஞ்சம் திரவம் இருக்கும், கவனித்திருப்பீர்கள். அதில் இருக்கும் சிட்ரேட்டும் சர்க்கரையும்தான் ரத்தம் உறையாமல், கெடாமல் காக்கின்றன. அதற்கு முன்னோடியான கரைசலை 1916-இல் டர்னர் என்பவரோடு சேர்ந்து உருவாக்கியவர் பெய்ட்டன் ரவுஸ். அதற்கு முன் அவர் செய்த பெரிய வேலையை அப்போது யாரும் நம்பவில்லை. அதனால் அதை மூட்டை கட்டி வைத்திருந்தார்.

1879-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் பிறந்தவர். சிறுவயதிலேயே அப்பா இறந்துவிட்டார். மருத்துவம் படிக்கும்போது பிரேதப் பரிசோதனையில் விரலில் காயம் பட்டு காசநோய் தொற்ற, டெக்சாஸ் மாட்டுப் பண்ணையில் ஒரு வருடம் இருந்து தேறினார்.

1909-இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். மார்பில் கட்டி வந்த ஒரு கோழி அங்கே அவர் கைக்கு வந்தது. கட்டியை அரைத்து, செல்களோ பாக்டீரியாவோ புக முடியாத நுண்ணிய வடிகட்டியில் வடித்தார். அந்தச் சாற்றை வேறு கோழிகளுக்கு ஊசி போட்டால் அவற்றுக்கும் புற்றுநோய் வந்தது. 1911-இல் வெளியிட்டார். வைரஸால் புற்றுநோயா, அதுவும் கோழிக்குத்தானே என்று ஒதுக்கிவிட்டார்கள். நோபல் பரிசு வந்தது 1966-இல், அவருடைய 87-ஆவது வயதில்!

அந்த வைரஸிடம் இருந்த ஆயுதம் 'சார்க்' என்ற மரபணு. 1976-இல் பிஷப், வார்மஸ் குழுவினர் அது கோழியின் சொந்த மரபணுவிலிருந்தே வந்தது என்று காட்டினார்கள். நம் செல்களிலும் அது உண்டு. அப்படியானால் நமக்கெல்லாம் ஏன் கட்டி வரவில்லை? சார்க் புரதத்தின் வாலில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டி, அதை மடக்கி உட்கார வைக்க இன்னொரு புரதம் இருக்கிறது. பெயர் சிஎஸ்கே (சேப்பாக்கத்துக்குச் சம்பந்தமில்லை). வைரஸிடம் உள்ள சார்க்கில் அந்த வால் நுனியே கிடையாது. பிடிக்க இடமில்லாததால் செல்லை ஓயாமல் பெருகச் சொல்கிறது.

1930-களில் ரவுஸ், முயல்களுக்கு மரு உண்டாக்கும் ஒரு வைரஸைப் பற்றியும் ஆராய்ந்தார். அதே குடும்பத்தைச் சேர்ந்த எச்பிவி வைரஸ்தான் பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தருகிறது. பி53, ஆர்பி என்று நம் செல்லைக் காக்கும் இரண்டு புரதங்களை அது முடக்கிவிடுகிறது. இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. வீட்டில் பெண் பிள்ளைகள் இருந்தால் உங்கள் மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

மரபணு மாறுவதால் புற்றுநோய் வருகிறது என்பதை ரவுஸ் நோபல் உரையிலும் ஏற்கவில்லை. சார்க்கின் பூர்வீகம் தெரிவதற்கு ஆறு ஆண்டுகள் முன்பு, 1970 பிப்ரவரியில், 90 வயதில் வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார்.