முத்துலட்சுமி பணம் தெரியும், முத்துலட்சுமி அம்மாவைத் தெரியுமா?

புள்ளத்தாச்சிப் பொண்ணு இருக்கிற வீட்டில் முத்துலட்சுமி பணம் வந்துச்சான்னு கேட்காத ஆளே நம்ம பக்கம் கிடையாது. அந்த அம்மா யாருன்னு கேட்டா பல பேருக்குத் தெரியாது. எனக்கும் குழுவுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி குலம். ஆம்பளைப் பிள்ளைகள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் சேர்ந்தார். 1912-ல் சென்னையில் டாக்டர் ஆனார். தன்னைச் சமமாக நடத்தணும், வேலையில் குறுக்கிடக் கூடாதுன்னு நிபந்தனை போட்டுத்தான் 1914-ல் சுந்தர ரெட்டியைக் கல்யாணம் செய்தார். அந்தக் காலத்தில்!

1927-ல் சட்டசபைத் துணைத் தலைவர். பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அங்கே போராடினார். சட்டம் வர 1947 ஆச்சு. போக்கிடம் இல்லாமல் வந்த பெண்களுக்குத் தன் வீட்டிலேயே இடம் கொடுத்தார், அதுதான் அவ்வை இல்லம். தங்கை புற்றுநோயில் போன துக்கம், 1954-ல் அடையாறு ஆஸ்பத்திரியாக எழுந்தது. 1968-ல் காலமானார்.

இன்று அரசு ஊழியருக்குச் சம்பளத்தோடு ஒரு வருஷம் பிரசவ விடுப்பு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவங்களுக்கு 26 வாரம். ஆவடியிலும் பூந்தமல்லியிலும் வீட்டுவேலை, சித்தாள் வேலை பார்க்கிற நம்ம பெண்களுக்கு? விடுப்பு எடுத்தா அன்னைக்குக் கூலி இல்லை. அவங்க கைக்கு வருவது இந்த அம்மா பேரில் உள்ள 18,000 ரூபாய் உதவிதான். அதுவும் 12 வாரத்துக்குள் நர்ஸம்மாவிடம் பேரைப் பதியணும்.