ரிப்போர்ட்ல நெகட்டிவ்... மனசுல பாசிட்டிவ்! டார்வினையும் விடாத அந்த பயம்

ராத்திரி மணி ரெண்டு. போர்வைக்குள்ள போன் வெளிச்சம். ஹெச்.ஐ.வி டெஸ்ட் எடுத்தாச்சு, நெகட்டிவ். டாக்டர் சொன்னபடி மூணு மாசம் கழிச்சு மறுபடி எடுத்தாச்சு, அதுவும் நெகட்டிவ். ஆனாலும் தொண்டை லேசா கரகரத்தா கூகுள், தோல்ல ஒரு சிவப்புப் புள்ளி தெரிஞ்சா கூகுள். லேப்ல சாம்பிளை மாத்தியிருப்பாங்களோ? நம்ம கேஸ் மட்டும் வித்தியாசமானதா இருக்குமோ?

இது நீங்கன்னா, உங்களுக்கு ஒருத்தரை அறிமுகப்படுத்தணும். ஸ்கூல் அறிவியல் புத்தகத்துல வெள்ளைத் தாடியோட உட்கார்ந்திருப்பாரே, அவர்தான். சார்லஸ் டார்வின். அவருக்கு இருந்தது பால்வினை நோய் பயம் இல்லை. இதயம், வயிறு, பரம்பரை நோய்னு அவர் கவலைகள் வேற. ஆனா, பெருசா ஒண்ணுமில்லைன்னு டாக்டர் சொன்ன பிறகும் உள்ளுக்குள்ள நச்சரிச்சுக்கிட்டே இருக்குமே ஒரு கேள்வி, அது அப்படியே உங்களோடதுதான்.

1831-ம் வருஷக் கடைசி. இங்கிலாந்தின் பிளைமவுத் துறைமுகம். உலகம் சுற்றப்போகும் பீகிள் கப்பல் கிளம்பாம தள்ளிப்போய்க்கிட்டே இருக்கு. காத்திருந்த டார்வினுக்கு வயசு 22. நெஞ்சு படபடன்னு அடிக்குது, வலிக்குது. இதய நோய்னு அவரே முடிவு பண்ணிட்டார். அப்பா டாக்டர், தாத்தா டாக்டர். இவரும் எடின்பரோவுல மருத்துவம் படிக்கப் போய், மயக்க மருந்து இல்லாம ஒரு குழந்தைக்கு நடந்த ஆபரேஷனைப் பார்த்துட்டு பாதியிலேயே ஓடி வந்தவர். அரைகுறை மருத்துவ அறிவு எப்படியெல்லாம் பயமுறுத்தும்னு பின்னாடி அவரே ஒத்துக்கிட்டார். (அன்னைக்கு அரைகுறைப் படிப்பு, இன்னைக்கு கூகுள்.)

டாக்டர்கிட்ட போனாரா? போகலை. பயணத்துக்குத் தகுதியில்லைன்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு வாயை மூடிக்கிட்டு கப்பல் ஏறிட்டார். கிட்டத்தட்ட 5 வருஷம். மலை ஏறினார், பாலைவனத்துல குதிரையில போனார், பூகம்பத்தைப் பார்த்தார். அந்த இதயம் எல்லாத்துக்கும் ஈடுகொடுத்துச்சு.

ஊர் திரும்பினதும்தான் ஆட்டம் ஆரம்பம். படபடப்பு, வாந்தி, வயித்துல வாயு, நடுக்கம், தோல் அரிப்பு. 1839-ல எம்மாவைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். நம்மூர் கணக்குல சொன்னா மாமா பொண்ணு. 1842-ல லண்டன் வேண்டாம்னு டவுன் கிராமத்துக்குக் குடிபோனாங்க. அந்த வீட்ல அவர் படிப்பறை மூலையில, திடீர்னு வாந்தி வந்தா ஒதுங்குறதுக்கு ஒரு மறைப்பு. வெளியில யார் வர்றாங்கன்னு முன்கூட்டியே பார்க்க ஜன்னலுக்கு வெளியே ஒரு கண்ணாடி. 1844-ல, வயசு 35 கூட ஆன நிலையில, தான் திடீர்னு செத்துட்டா தன்னோட பரிணாமக் கட்டுரையை வெளியிடச் சொல்லி எம்மாவுக்குக் கடிதம் எழுதி, அதுக்கு 400 பவுண்டும் ஒதுக்கி வெச்சார்.

1849-ல மால்வெர்ன்ங்கிற ஊர்ல டாக்டர் கல்லியின் தண்ணீர் வைத்தியம். விளக்குச் சூட்டுல வேர்க்க விருவிருக்க உட்கார வெச்சு, ஜில்லுனு நனைச்ச துண்டால உடம்பைத் தேய்ப்பாங்க. சும்மா சொல்லக்கூடாது, கொஞ்சம் தேறினார். வீட்டுக்கு வந்ததும் தோட்டத்துலயே குளிர்ந்த தண்ணீர் ஷவர் கட்டிக்கிட்டார்.

இப்போதான் முக்கியமான இடம். அந்த ஜூலை மாசம் ஒரு டைரி போட ஆரம்பிச்சார். பகல் எப்படி இருந்துச்சு, ராத்திரி எப்படி, வாயு எத்தனை தடவை... தினம் தினம். நல்லா இருந்த நாளுக்கு ரெட்டைக் கோடு. மாசக் கடைசியில ரெட்டைக் கோடெல்லாம் எத்தனைன்னு கூட்டல். டார்வின் எதையும் எண்ணுற ஆள். எம்மாவோட ஆடின பேக்கேமன் ஆட்டங்கள்ல அவங்க ஜெயிச்சது 2,490, தான் ஜெயிச்சது 2,795-னு கணக்கு வெச்சிருந்தார்னா பாருங்க! அதே கண்ணு இப்போ தன் உடம்பு மேலயே திரும்பிடுச்சு. 1855 ஜனவரி வரைக்கும், அஞ்சரை வருஷம் எழுதினார். அத்தனை பக்கம் எழுதியும் நோய் என்னன்னு தெரியலை, பயமும் போகலை.

நடுவுல நிஜமான ஓர் இடி. 1851-ல செல்ல மகள் ஆனி, அதே மால்வெர்ன்ல சிகிச்சைக்குப் போன இடத்துல 10 வயசுல இறந்துபோனாள். அதுக்கப்புறம் எந்தப் பிள்ளைக்கு உடம்பு சரியில்லைன்னாலும், தன்கிட்ட இருந்துதான் வந்துச்சோ, மாமா பொண்ணைக் கட்டினதால வந்துச்சோன்னு தவிப்பார். இந்தத் தவிப்பைக் கேலி பண்ண எனக்கு மனசு வரலை.

டாக்டர் மாத்தி டாக்டர் பார்த்தார். மின்சாரச் சங்கிலி கட்டிக்கிட்டார், முதுகுத்தண்டுல ஐஸ் பை வெச்சார். 1859-ல உலகையே புரட்டிப்போட்ட 'உயிரினங்களின் தோற்றம்' வெளிவந்த அன்னைக்கு அவர் எங்கே? இன்னொரு தண்ணீர் வைத்திய விடுதியில! 1863 வாக்குல பிரின்டன்ங்கிற வயிற்று நோய் நிபுணர் வந்து பார்த்துட்டு, மூளையிலயோ இதயத்துலயோ அடிப்படையா கோளாறு எதுவும் இருக்கறதா தெரியலைன்னு சொன்னார். பெரிய நிம்மதிதானே? டார்வின் அதை நண்பருக்கு எழுதின கையோட, ஆனாலும் நான் இறங்குமுகமாவே போய்க்கிட்டிருக்கேன், இனி மீள்வேனான்னு சந்தேகமா இருக்குன்னு புலம்பினார். உங்க ரிப்போர்ட் வந்த அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. நிம்மதி எத்தனை மணி நேரம் இருந்துச்சு?

சந்தேகம் வந்தா முறையா டெஸ்ட் எடுக்கறது பொறுப்பான விஷயம். அரசு மருத்துவமனைகள்ல இருக்கிற நம்பிக்கை மையங்கள்ல ஹெச்.ஐ.வி பரிசோதனை இலவசம், ரகசியமும் காப்பாங்க. ரிஸ்க் நடந்த நாள்ல இருந்து 3 மாசம் கழிச்சு எடுத்ததும் நெகட்டிவ், நடுவுல புதுசா எதுவும் நடக்கலைன்னா அந்தக் கேள்விக்குப் பதில் வந்தாச்சு. அதுக்கு மேல எடுக்குற டெஸ்ட் ரத்தத்துக்கு இல்லை, பயத்துக்கு. ஒவ்வொரு தடவை செக் பண்ணும்போதும் கொஞ்ச நேரம் ஆறுதல் கிடைக்கும். மறுபடி பயம் வந்தா மறுபடி செக் பண்ணணும்னு மூளை அதையே கத்துக்கும். டார்வினோட ரெட்டைக் கோடு மாதிரிதான். அவர் காலத்துல இல்லாத ஒண்ணு இப்போ இருக்கு: இந்தச் சுழலை உடைக்கிற மனநல சிகிச்சை. 14416-ங்கிற டெலி மனஸ் எண்ணுக்கு அடிச்சா தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

டார்வினுக்கு எல்லாமே மனப்பிரமைதான்னு சொல்லிட முடியாது. தென் அமெரிக்காவுல பூச்சி கடிச்சு வந்த தொற்றுன்னு ஒரு கட்சி, பால் ஒத்துக்காததுன்னு ஒரு கட்சி, பதற்றக் கோளாறுன்னு இன்னொரு கட்சி. 140 வருஷமா டாக்டர்கள் சண்டை போட்டுக்கிட்டேதான் இருக்காங்க. அவர் கஷ்டம் நிஜம். அந்தக் கஷ்டத்தோடவே அவர் தினமும் வேலை பார்த்தார், மணல் பாதையில சுத்திச் சுத்தி நடந்தார், கடிதம் எழுதினார்.

கடைசிப் பத்து வருஷத்துல உடம்பு ஓரளவு சொன்ன பேச்சு கேட்டுச்சு. மண்புழுக்களைத் தொட்டியில வெச்சு, அதுங்களுக்குக் காது கேக்குமான்னு பார்க்க எம்மாவை பியானோ வாசிக்கச் சொன்னார். (கேக்கலை.) அந்தப் புத்தகம் 1881 அக்டோபர்ல வந்துச்சு. ரெண்டே மாசத்துல நிஜமாவே இதயம் மக்கர் பண்ணுச்சு. பிளைமவுத்துல பயந்து சரியா 50 வருஷம் கழிச்சு! 1882 ஏப்ரல் 19, வயசு 73. பக்கத்துல இருந்த எம்மாகிட்ட, சாவைப் பார்த்து தனக்குக் கொஞ்சமும் பயம் இல்லைன்னு சொல்லிட்டுத்தான் போனார்.