ஆறு புள்ளிகளில் அடங்கிய நம்பிக்கை

துன்பம் எட்டிப் பார்க்காத இல்லம் உலகில் இல்லை. துன்பம் வந்தபோது துவண்டு விழுந்தோர் பலர். அதையே படிக்கட்டாக்கி மேலே ஏறியோர் சிலர். அச்சிலருள் ஒருவர் லூயி பிரெயில். பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் எழுத்து முறையை உலகுக்கு அளித்தவர் அவர். நல்லது தானாக நடக்கும் என்று கைகட்டிக் காத்திருப்பது நம்பிக்கையன்று. பலன் கண்ணுக்குத் தெரியாத நாளிலும் கையிலுள்ள பணியைக் கைவிடாதிருப்பதே நம்பிக்கை. இதை அவருடைய வாழ்க்கை நமக்கு நன்கு உணர்த்துகிறது.

பிரான்சு நாட்டின் தலைநகராகிய பாரிஸுக்குக் கிழக்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில் கூவ்ரே என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே 1809ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் லூயி பிறந்தான். நான்கு குழந்தைகளுள் அவனே கடைக்குட்டி. தந்தை குதிரைகளுக்குச் சேணமும் கடிவாளமும் செய்யும் தொழிலாளி. கத்தியும் குத்தூசியும் தோல் துண்டுகளும் நிறைந்த அவருடைய பட்டறைதான் குழந்தைக்கு விளையாட்டு மைதானம்.

லூயிக்கு மூன்று வயது. ஒரு நாள் தந்தையைப் போலத் தானும் தோலை வெட்ட முயன்றபோது, கூரிய கருவி கைதவறிக் கண்ணில் பாய்ந்தது. புண்ணில் சீழ் பிடித்தது. நோய்க்கிருமிகளை அழிக்கும் மருந்துகள் எவையும் இல்லாத காலம் அது. ஒரு கண்ணில் தொடங்கிய நோய் மறு கண்ணுக்கும் பரவியது. ஐந்து வயதுக்குள் உலகம் அவனுக்கு முழு இருளாயிற்று.

அக்காலத்தில் பார்வையற்ற ஏழைக் குழந்தைகளுக்கு என்ன எதிர்காலம் இருந்தது? பெரும்பாலோருக்குப் பிச்சைப் பாத்திரமே கதி. போதாக்குறைக்கு 1814இல் அந்நியப் படைகள் ஊருக்குள் புகுந்தன. வீட்டிலேயே படைவீரரைத் தங்க வைத்துச் சோறு போட வேண்டிய நிலை. ஆயினும் லூயியின் பெற்றோர் மகனை ஒரு மூலையில் உட்கார வைக்கவில்லை. தட்டித் தட்டி வழி கண்டு நடக்க அவனுக்குக் கோல் கொடுத்தார்கள். வீட்டு வேலைகளையும் பழக்கினார்கள். புதிதாக வந்த பங்குக் குருவானவர் பலூயி அவனைத் தம் இல்லத்துக்கு அழைத்துப் பாடம் சொல்லித் தந்தார். பின்னர் ஊர்ப் பள்ளி ஆசிரியரும் அவனை வகுப்பில் சேர்த்துக்கொண்டார். கேட்டதையெல்லாம் மனத்தில் பதித்துக்கொண்ட சிறுவன், கண்ணுள்ள பிள்ளைகளையே மிஞ்சினான். ஆனால் மற்றவர்கள் புத்தகத்தைத் திறக்கும்போது அவன் மட்டும் சும்மா இருக்க வேண்டியிருந்தது.

1819ஆம் ஆண்டு பிப்ரவரியில், பத்து வயது லூயியைத் தந்தை பாரிஸில் இருந்த பார்வையற்ற இளைஞர் பள்ளியில் சேர்த்தார். அந்தப் பள்ளியைத் தோற்றுவித்தவர் வாலன்டைன் ஆயி என்னும் பெருந்தகை. கட்டடமோ பழையது, ஈரம் கசிந்தது. அங்கிருந்த புத்தகங்களில் சாதாரண எழுத்துகளே பெரிதாகப் புடைத்து நிற்குமாறு அச்சிடப்பட்டிருந்தன. ஒவ்வோர் எழுத்தையும் தடவித் தடவி உணர்ந்து ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் அதன் தொடக்கம் மறந்துவிடும். நூல்களோ பெரும் பளு. எண்ணிக்கையிலும் மிகக் குறைவு. அம்முறையில் ஓரளவு படிக்கலாமேயன்றி, மாணவர் தம் கையால் எழுத வழியில்லை.

1821ஆம் ஆண்டு சார்ல் பார்பியே என்னும் முன்னாள் பீரங்கிப் படை அதிகாரி ஒரு புதிய முறையைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். விளக்கில்லாமல் இருட்டிலும் படிக்கத்தக்கதாய், புடைத்த புள்ளிகளால் ஆன முறை அது. பன்னிரண்டு வயது லூயிக்கு அதைத் தொட்டதும் வழி தெரிந்தது. அதன் குறையும் தெரிந்தது. ஒரு குறியில் பன்னிரண்டு புள்ளிகள் வரை இருந்ததால், ஒரு விரல் நுனிக்குள் அது அடங்கவில்லை. மேலும் அது ஒலிகளை மட்டுமே குறித்தது. எண்களோ நிறுத்தக்குறிகளோ அதில் இல்லை.

குறை சொல்வதோடு லூயி நிற்கவில்லை. பகலில் பாடம், ஓய்வு நேரமெல்லாம் தாளும் எழுத்தாணியும். விடுமுறைக்கு ஊருக்குப் போனாலும் அதே வேலைதான். மூன்று ஆண்டுகள் முயன்று, 1824இல், தன் பதினைந்தாம் வயதில், பன்னிரண்டு புள்ளிகளை ஆறாகக் குறைத்தான். இரண்டு வரிசை; வரிசைக்கு மூன்று புள்ளி. இந்த ஆறு புள்ளிகளை மாற்றி மாற்றி அமைத்தால் 63 குறிகள் கிடைக்கும். எழுத்து, எண், நிறுத்தக்குறி, இசைக்குறி எல்லாம் அவற்றுள் அடங்கும். புள்ளி குத்த உதவிய அந்த எழுத்தாணி, தந்தையின் பட்டறையில் கிடந்த குத்தூசியைப் போன்றதே! கண்ணைப் பறித்ததும் கூர்முனை. கல்வியைக் கொடுத்ததும் கூர்முனை.

அதே பள்ளியில் ஆசிரியரான லூயி பிரெயில், 1829இல் தம் முறையை நூலாக வெளியிட்டார். சொற்களோடு இசையையும் ஆலய வழிபாட்டுப் பாடல்களையும் எழுதும் வழி அதில் விளக்கப்பட்டிருந்தது. அவர் சிறந்த இசைஞர். பாரிஸ் நகர ஆலயங்களில் ஆர்கன் வாசித்தவர். 1839இல், கண்ணுள்ளோரும் படிக்கக்கூடிய எழுத்து வடிவங்களைப் புள்ளிகளாலேயே வரையும் முறையையும் வகுத்தார். அதனால் பார்வையற்ற பிள்ளை தன் தாய்க்குத் தானே கடிதம் எழுத முடிந்தது.

ஆனால் உலகம் உடனே கைதட்டவில்லை. தனி எழுத்து வந்தால் பார்வையற்றோர் மற்றவரிடமிருந்து பிரிந்துவிடுவர் என்று கண்ணுள்ள ஆசிரியர்கள் தயங்கினர். 1840இல் பொறுப்பேற்ற புதிய இயக்குநர் பள்ளியில் பிரெயில் முறையைத் தடை செய்தார். இதற்கிடையே 26 வயதிலிருந்தே பிரெயிலைக் காசநோய் பற்றியிருந்தது. அதற்கும் அன்று மருந்தில்லை. இருமலும் களைப்பும் மிகுந்து, பாடம் நடத்துவதை அவ்வப்போது நிறுத்திவிட்டுச் சொந்த ஊரில் ஓய்வெடுக்க வேண்டியதாயிற்று.

தடை எழுத்தை அழித்ததா? இல்லை. மாணவர் மறைவாக அதைப் பழகினர். தம் நண்பருக்கும் கற்றுத் தந்தனர். ஒரு முறை சுவைத்த படிப்பின் இன்பத்தை அவர்கள் எப்படி விடுவார்கள்? துணை இயக்குநர் குவாதே இதைக் கண்டு மனம் மாறி, இயக்குநரின் மனத்தையும் மாற்றினார். 1844இல் பள்ளியின் புதிய கட்டடம் திறக்கப்பட்டபோது, அவையோர் முன்னிலையில் ஒரு மாணவர் கேட்டதைப் புள்ளிகளால் எழுத, அதைக் கேட்டிராத மற்றொரு மாணவர் விரலால் தடவிப் பிழையின்றிப் படித்துக் காட்டினார். பிரெயிலும் அந்த அவையில் இருந்தார்.

1852ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், 43 வயது நிறைந்த இரண்டாம் நாளில், பிரெயில் கண்மூடினார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1854இல்தான் பிரான்சு அவருடைய முறையை முறைப்படி ஏற்றது. 1878இல் பாரிஸில் கூடிய பன்னாட்டு மாநாடும் அதை ஏற்றது. 1951இல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாகப் பாரதி பிரெயில் அமைந்தது. அதில் நம் ‘அ’வுக்கு ஒரு புள்ளி, ‘க’வுக்கு இரண்டு புள்ளி. அவர் மறைந்த நூற்றாண்டாகிய 1952இல், பிரான்சின் பெருமக்கள் துயிலும் பாந்தியன் மண்டபத்துக்கு அவர் உடல் கொண்டு செல்லப்பட்டது. புள்ளி குத்திய கைகள் மட்டும் பிறந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்திலேயே உள்ளன. அவர் பிறந்த நாளை உலக பிரெயில் தினமாக ஐக்கிய நாடுகள் சபை 2019 முதல் கொண்டாடி வருகிறது.

அன்பு மாணவியரே! இந்தப் புகழ் எதையும் பிரெயில் தம் வாழ்நாளில் காணவில்லை. இழந்த பார்வை திரும்பவில்லை. பற்றிய நோய் தீரவில்லை. அவருக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று: அன்றன்று தம் விரலுக்கு எட்டிய வேலை. அதை அவர் மனம் சலிக்காமல் செய்தார். தேர்வில் தோல்வி, வீட்டில் வறுமை, உடலில் நோய் என நம்மையும் இருள் சூழும் நாள்கள் வரும். அப்போது எல்லாம் முடிந்தது என்று சோர்ந்துவிடாமல், கைக்கு எட்டும் சிறு வேலை எது என்று தேடுவோம்.

இன்றே நம்மால் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பார்வையற்ற மாணவர்க்குப் பாடம் படித்துக் காட்டவும், அவர்கள் சொல்லச் சொல்லத் தேர்வு எழுதித் தரவும் ஆள் தேவைப்படுகிறது. ஓய்வு நேரத்தில் ஒரு மணியை அதற்குக் கொடுப்போம். ஒருவர் விரல் நுனியில் ஏற்றிய விளக்கு அணையாமல் இருக்க, நாமும் ஒரு துளி எண்ணெய் ஊற்றியவர்களாவோம்.